பழைய சுவடிகளையும் அரிய நூல்களையும் யுனிவர்சிட்டி லைப்ரரில எப்படி அடுக்கறாங்க, ஏன் சப்ஜெக்ட் வாரியா வைக்கறதில்ல?

நீங்க கேட்டது இதான்: ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி லைப்ரரி கேட்டலாக்ல ஒரு பழைய கையெழுத்துப் பிரதியைத் தேடினீங்க, "எம்எஸ் லாட் மிஸ்க் 108"னு ஒரு நம்பர் வந்துச்சு, 107ஐயும் 109ஐயும் பார்த்தா அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, இவ்ளோ ஆளும் வசதியும் இருந்தும் மருத்துவம் ஒரு பக்கம் கணக்கு ஒரு பக்கம்னு ஏன் ஒழுங்கா அடுக்க மாட்டேங்கறாங்க? நியாயமான கேள்விதான். நான் ஒரு யுனிவர்சிட்டி லைப்ரரியோட சுவடிப் பிரிவுல பல வருஷம் கேட்டலாக் போடற வேலை பார்த்தவன், சேர்ந்த புதுசுல எனக்கும் இதே எரிச்சல்தான் வந்துச்சு.

முதல்ல அந்த 108ஐயே எடுத்துக்குவோம். லாட்ங்கறது வில்லியம் லாட், கேன்டர்பரி ஆர்ச்பிஷப், ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டிக்குச் சான்சலரா இருந்தவர், 1635ல இருந்து சில வருஷத்துக்குள்ள நூத்துக்கணக்குல கையெழுத்துப் பிரதிகளை அந்த யுனிவர்சிட்டியோட போட்லியன் லைப்ரரிக்குக் கொடுத்தாரு, கொஞ்ச வருஷம் கழிச்சு 1645ல அவர் தலையையே வெட்டிட்டாங்க, அது வேற கதை. அவர் கொடுத்ததை லத்தீன், கிரேக்கம், கிழக்கத்திய மொழிகள்னு பிரிச்சாங்க, எதுலயும் சரியா உக்காராததுக்கு "மிஸ்க்", அதாவது மிசலேனியஸ், நம்ம பாஷைல "இதரவை". ஆக அந்த நம்பரைப் படிக்கணும்னா: கையெழுத்துப் பிரதி, லாட் கொடுத்தது, இதரவைல 108ஆவது. உள்ள என்ன இருக்குன்னு அந்த நம்பர் ஒரு வார்த்தை கூட சொல்லல பாருங்க. உள்ள பார்த்தா பெரும்பகுதி புனிதர்களோட வாழ்க்கைக் கதைகள், கடைசிப் பக்கமா ராஜகுமாரன் சாகசக் கதை ரெண்டு. இப்ப நீங்களே சொல்லுங்க, இதை மதம்னு வைப்பீங்களா, கதைன்னு வைப்பீங்களா?

பழைய சுவடி பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கும். முதல் நாப்பது ஏடு மருந்து, அப்புறம் பத்து ஏடு ஜோசியம், கடைசில வெறுமையா இருந்த ஏட்டுல எவனோ ஒருத்தன் கடன் கணக்கு எழுதி வச்சிருப்பான். சாதாரண புத்தகத்துக்கு டியூயி வகைப்பாடு மாதிரி சப்ஜெக்ட் நம்பர் சரிப்பட்டு வருது, ஏன்னா ஒரு புத்தகம்னா ஒரு விஷயம், புதுசா ஒண்ணு வந்தா நடுவுல சொருகிட்டு மிச்சத்தை நகர்த்திக்கலாம், கிழிஞ்சா வேற வாங்கிக்கலாம். சுவடிக்கு அதெல்லாம் நடக்காது. அதனால இந்தப் பிரிவுல மூணு கேள்வியைத் தனித்தனியா வச்சுப்பாங்க: இது எங்க இருக்கு, இதுல என்ன இருக்கு, இது யார்கிட்ட இருந்து வந்துச்சு. முதல் கேள்விக்கு மட்டும்தான் அலமாரி பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு கேட்டலாக். மூணாவது சில சமயம் நம்பர்லயே இருக்கும், பல சமயம் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கற துண்டுச் சீட்டுல, ஓரத்துல கிறுக்கின பேர்ல, சுரண்டி அழிச்ச முத்திரைல இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிச்சு எழுதறதுதான் எங்க வேலைல பாதி.

அந்த நம்பருக்கு ஷெல்ஃப்மார்க்னு பேரு. அதை வீட்டு விலாசம் மாதிரி நினைச்சுக்கங்க, அதுலயும் பழைய காலத்து விலாசம். ராபர்ட் காட்டன்னு ஒரு சேகரிப்பாளர், 1631ல செத்துப்போனாரு, அவர் லைப்ரரில ஒவ்வொரு அலமாரிக்கு மேலயும் ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருத்தரோட மார்பளவு சிலை இருந்துச்சு, கிளியோபாட்ராவும் ஃபாஸ்டினாவும் கூட உண்டு. அதனால நம்பர் எப்படி வரும்னா "வைட்டெல்லியஸ் ஏ 15": வைட்டெல்லியஸ் சிலை இருக்கற அலமாரி, மேல் தட்டு, பதினஞ்சாவது புத்தகம். பியோவுல்ஃப்ங்கற பழைய ஆங்கிலக் காவியத்தோட ஒரே கையெழுத்துப் பிரதி இன்னைக்கும் இந்த விலாசத்துலதான் இருக்கு. ஆனா அந்த அலமாரி கிடையாது, அந்தச் சிலை கிடையாது, 1731ல வேற வீட்டுல இருந்தப்ப தீ பிடிச்சு சேகரிப்புல நிறைய எரிஞ்சு போச்சு, பியோவுல்ஃபுக்கே ஓரம் கருகிடுச்சு, அப்புறம் பிரிட்டிஷ் மியூசியம் போயி அங்க இருந்து பிரிட்டிஷ் லைப்ரரிக்கு வந்துடுச்சு. நம்பர் மட்டும் மாறவே இல்ல. கேம்பிரிட்ஜ்லயும் இதே கதைதான், 1581ல தியடோர் பேஸா கொடுத்த பழைய கிரேக்க-லத்தீன் பைபிள் பிரதிக்கு "என்என் 2.41"னு நம்பர், என்என்ங்கற அலமாரி, ரெண்டாவது தட்டு, 41ஆவது. இப்ப அது ஸ்ட்ராங் ரூம்ல எந்தப் பெட்டிக்குள்ள இருந்தாலும் நம்பர் அதேதான்.

ஏன் மாத்த மாட்டாங்கன்னா, அந்த நம்பரை நம்பித்தான் முந்நூறு வருஷமா ஆராய்ச்சிக்காரங்க அடிக்குறிப்பு எழுதியிருக்காங்க. 1890ல ஒருத்தர் எழுதின கட்டுரைல "வைட்டெல்லியஸ் ஏ 15, ஏடு 132"ன்னு இருந்தா இன்னைக்கு அதை வச்சு நேரா போய் எடுக்க முடியணும். அழகா இருக்கட்டும்னு எவனாவது நம்பரை மாத்தினா அத்தனை அடிக்குறிப்பும் ஒரே நாள்ல செத்துடும். அப்படி மாத்தின லைப்ரரிகளும் இருக்கு, அங்கெல்லாம் "பழைய நம்பர் இது, புது நம்பர் இது"ன்னு ஒரு பொருத்தப் பட்டியல் போட்டு வச்சிருப்பாங்க, அந்தப் பட்டியல்லயே தப்பு இருந்தா தலைல கையை வச்சுக்க வேண்டியதுதான்.

பின்னாடி வந்தவங்க கொஞ்சம் புத்திசாலித்தனமா நம்பர் போட்டாங்க. போட்லியன்ல பக்ஷாலி சுவடின்னு ஒண்ணு இருக்கு, பூர்ஜ மரப்பட்டைல எழுதின கணக்கு நூல், பூஜ்யத்துக்குப் புள்ளி போட்டிருக்குன்னு நியூஸ்ல எல்லாம் வந்துச்சே அதான். 1881ல பெஷாவர் பக்கத்துல நிலத்தைத் தோண்டினப்ப கிடைச்சது, 1902ல லைப்ரரிக்கு வந்துச்சு. அதோட நம்பர் "எம்எஸ் சான்ஸ்க் டி 14". சான்ஸ்க்னா சமஸ்கிருதம்ங்கற மொழிப் பிரிவு, 14 வரிசை எண், நடுவுல இருக்கற "டி"தான் சுவாரசியம், அது சைஸ். ஏ-ன்னா பெருசு, அப்படியே குறைஞ்சு குறைஞ்சு ஜி-ன்னா ரொம்பச் சின்னது. அதாவது நம்பரைப் பார்த்த உடனே எடுக்கப் போற ஆளுக்கு ரெண்டு கை வேணுமா ஒரு கை போதுமான்னு தெரிஞ்சுடும்.

சிரிக்காதீங்க, சைஸ்தான் இந்த வேலைல பெரிய விஷயம். பெரிய ஃபோலியோ புத்தகத்துக்குப் பக்கத்துல உள்ளங்கை அளவு புத்தகத்தை நிக்க வச்சா ரெண்டுமே கெடும். சின்னது துணையில்லாம சாயும், பெருசோட அட்டை சின்னதோட உயரத்துக்கு மேல வளையும், சின்னதை எடுக்கறேன்னு இழுக்கறவன் பெருசோட முதுகைக் கிழிப்பான். ஒரே சைஸை ஒண்ணா வச்சா இடமும் மிச்சம், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல வீணாப் போற காத்து இடம் கிடையாது. இதை உச்சத்துக்குக் கொண்டு போனவர் சாமுவேல் பெப்பிஸ், 17ஆம் நூற்றாண்டு லண்டன்ல டைரி எழுதினாரே அவர்தான், தன்னோட 3,000 புத்தகத்தையும் உயரப்படி அடுக்கினாரு, 1ஆம் நம்பர் ரொம்பக் குட்டி, 3,000 ரொம்பப் பெருசு. ஒரே தட்டுல ஒரு புத்தகம் கொஞ்சம் குட்டையா போயிட்டா அதுக்குக் கீழ மரக்கட்டை செஞ்சு வச்சு மேல்மட்டம் நேரா வர மாதிரி பண்ணாரு. ஒண்ணு கூட சேர்க்கக் கூடாது ஒண்ணு கூட எடுக்கக் கூடாதுன்னு எழுதி வச்சுட்டுப் போனதால கேம்பிரிட்ஜ் மாட்லன் காலேஜ்ல இன்னமும் அதே வரிசைல இருக்கு. ஒரு லைப்ரரியனா எனக்கு அந்த மனுஷன் மேல கொஞ்சம் பொறாமை உண்டு, புதுசா ஒண்ணும் வராத லைப்ரரின்னா எவ்ளோ நிம்மதி.

பக்ஷாலியை விட்டுட்டேன், அதுல இன்னொரு விஷயம் இருக்கு. 70 ஏடு, எல்லாம் துண்டு துண்டா வந்தது, எது முன்னாடி எது பின்னாடின்னு யாருக்கும் சரியாத் தெரியாது, ஆராய்ச்சி பண்ணவங்க ஆளுக்கு ஒரு வரிசை சொன்னாங்க. ஆனா லைப்ரரில போட்ட ஏட்டு நம்பர் அப்படியே நிக்குது. ஏட்டு நம்பர் படிக்க வேண்டிய வரிசை கிடையாது, "இந்த இலையை நான் சொல்றேன்"னு விரல் நீட்டறதுக்கான அடையாளம், அவ்ளோதான். 2017ல அதுல மூணு ஏட்டை ரேடியோகார்பன் முறைல காலம் கணிச்சப்ப மூணுக்கும் மூணு வேற நூற்றாண்டு வந்துச்சு, அந்த முடிவைச் சில அறிஞர்கள் ஏத்துக்கல, சண்டை இன்னும் ஓடுது. அந்தச் சண்டைல ரெண்டு தரப்பும் ஒரே ஏட்டைப் பத்திதான் பேசறாங்கன்னு உறுதியா சொல்ல முடியறது அந்த நம்பராலதான்.

இப்ப அச்சு நூல். இங்க கணக்கு கொஞ்சம் வேற. எது அரிய நூல்னு ஒரே விதி எங்கயும் இல்ல, நிறைய லைப்ரரில 1800ன்னு ஒரு கோடு போட்டு அதுக்கு முந்தினது எல்லாம் தானா உள்ள வந்துடும், சிலர் 1850ன்னு வச்சிருக்காங்க. அதுக்கு அப்புறம் அச்சானதா இருந்தாலும் முக்கியமான ஆள் ஓரத்துல குறிப்பு எழுதியிருந்தாலோ, ரொம்பக் கம்மியா அச்சடிச்சதா இருந்தாலோ உள்ள வரும். பழசா இருக்கறதாலயே அரியதுன்னு நினைச்சு வர்றவங்க நிறைய, நூறு வருஷத்து ஸ்கூல் புக்கைக் கொண்டு வந்து கோடி ரூபா போகுமான்னு கேப்பாங்க.

1500 வரைக்கும் ஐரோப்பால அச்சானதுக்கு இன்குனாபுலான்னு தனிப் பேரு, தொட்டில் பருவ நூல்கள்னு அர்த்தம், உலகம் பூரா இதுல கிட்டத்தட்ட 30,000 பதிப்புகள் கணக்குல இருக்கு. இதை அடுக்கறதுக்கு ராபர்ட் ப்ராக்டர்னு ஒருத்தர் 1898ல ஒரு வழி கொண்டு வந்தாரு. ஆசிரியர் பேரும் வேண்டாம் விஷயமும் வேண்டாம், நாடு, ஊர், அச்சுக்கூடம், அதுலயும் எந்த நாட்டுல முதல்ல அச்சு வந்துச்சோ அது முதல்ல, எந்த ஊர்ல முதல்ல வந்துச்சோ அது முதல்ல. அதனால ஜெர்மனிதான் ஆரம்பம், அதுல மைன்ஸ்ங்கற ஊர். இப்படி வச்சா தட்டைப் பார்த்தாலே அச்சுத்தொழில் ஊர் ஊரா பரவினது கண்ணுக்குத் தெரியும், அச்சுக்கூடம் பேர் போடாத புத்தகத்தை எடுத்து எழுத்துருவைப் பக்கத்துல இருக்கறதோட ஒத்துப் பார்த்து "இது இன்னார் அடிச்சது"ன்னு சொல்ல முடியும். ப்ராக்டர் பாவம், 1903ல ஆல்ப்ஸ் மலைல தனியா நடக்கப் போனவர் திரும்பி வரவே இல்ல.

அச்சு நூல்னா எல்லாப் பிரதியும் ஒண்ணுதானேன்னு தோணும், எங்களுக்கு அப்படி இல்ல. சின்ன சாம்பிள் ஒண்ணு. 1623ல ஷேக்ஸ்பியர் நாடகங்கள் முதல் தடவை ஒரே பெரிய தொகுப்பா வந்தப்ப போட்லியனுக்கு ஒரு பிரதி வந்துச்சு, பைண்டிங் பண்ணி சங்கிலி மாட்டி வச்சாங்க. 1664க்கு அப்புறம் புதுப் பதிப்பு வந்ததும் பழசு எதுக்குன்னு அதைத் தள்ளி விட்டுட்டாங்கன்னு தெரியுது. 1905ல ஒரு மாணவர் வீட்டுல இருந்த பழைய புத்தகத்தை "இந்த பைண்டிங்கை என்ன பண்ணலாம்"னு கேக்க அதே லைப்ரரிக்கு எடுத்துட்டு வந்தாரு. பார்த்தா அட்டையோட வேலைப்பாடு அந்தக் காலத்துல லைப்ரரிக்கு பைண்ட் பண்ணிக் கொடுத்த கை, ஓரத்துல சங்கிலி மாட்டின தழும்பு. நம்ம வீட்டுப் பிள்ளை. மறு வருஷம் ஊரெல்லாம் வசூல் பண்ணி 3,000 பவுண்டு கொடுத்து திரும்ப வாங்கினாங்க. அந்த 240 வருஷத்துக்குள்ள யாராவது "பழைய அட்டை அசிங்கமா இருக்கு"ன்னு புது அட்டை போட்டிருந்தா அது எந்தப் பிரதின்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இதனாலதான் இப்ப கேட்டலாக்ல பைண்டிங்குக்கு ஒரு கட்டம், முன்னாடி யார்கிட்ட இருந்துச்சுங்கறதுக்கு ஒரு கட்டம்னு தனித்தனியா வச்சிருக்காங்க. அந்த ரெண்டு கட்டமும் காலியா இருந்தா அந்த கேட்டலாக் போட்டவர் புத்தகத்தைத் தொறந்தே பார்க்கலன்னு நான் முடிவு பண்ணிடுவேன்.

இந்தப் பிரதி வேற அந்தப் பிரதி வேறங்கறது இன்னைக்கு நேத்து வந்த யோசனை இல்ல. பாரிஸ் சோர்போன் காலேஜ்ல 1338லயே ஒரு கேட்டலாக் இருந்துச்சு, 1,700க்கும் மேல புத்தகம். ஒரே நூலுக்குப் பத்து கையெழுத்துப் பிரதி இருக்கும்போது எது நம்மளதுன்னு எப்படிக் காட்டறது? நூலோட முதல் வரியை எழுதிப் பிரயோஜனம் இல்ல, அது எல்லாப் பிரதிலயும் ஒண்ணுதான். அந்தக் காலத்து ஆளுங்க ரெண்டாவது ஏடு எந்த வார்த்தைல தொடங்குதோ அதைக் குறிச்சு வச்சாங்க. ஒவ்வொரு எழுத்தரோட கையும் வேற, எழுத்து சைஸ் வேற, முதல் ஏடு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு இடத்துல முடியும், அதனால ரெண்டாவது ஏட்டோட முதல் வார்த்தை ரெண்டு பிரதில ஒத்துப்போறது அபூர்வம். கைரேகை மாதிரி. இன்னைக்கும் எங்கயோ கிடக்கற ஒரு புத்தகம் ஒருகாலத்துல எந்த மடத்துல இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க இதே தந்திரம் உதவுது.

இதெல்லாம் ஒத்தை ஒத்தைப் புத்தகம். ஒருத்தரோட மொத்தக் காகிதமும் பெட்டி பெட்டியா வந்தா அது ஆவணம், அதுக்கு விதி இன்னும் கடுமை: யார்கிட்ட இருந்து வந்துச்சோ அவங்க கட்டை இன்னொருத்தர் கட்டோட கலக்கக் கூடாது, அவங்க வச்சிருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. பிரான்ஸ்ல 1841ல அரசாங்கமே இதைச் சுற்றறிக்கையா போட்டுச்சு, 1898ல டச்சுக்காரங்க மூணு பேர் சேர்ந்து விதிமுறைப் புத்தகமே எழுதினாங்க. நான் அதெல்லாம் படிச்சுட்டுத்தான் வேலைக்கு வந்தேன், ஆனாலும் சேர்ந்த வருஷம் ஒரு தப்பு பண்ணேன். ஒரு பேராசிரியரோட கடிதங்கள் ஒரு பெட்டி, கன்னாபின்னான்னு இருக்கறதாப் பட்டுச்சு, நான் பாட்டுக்கு உக்காந்து தேதி வாரியா அடுக்கிட்டேன், ரெண்டு நாள் வேலை, ரொம்பப் பெருமையா எனக்கு மேலதிகாரியா இருந்த அம்மாகிட்ட காட்டினேன். அவங்க ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம் "இந்த மருந்துக்கடை பில் எந்த லெட்டரோட சேர்ந்து மடிச்சிருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஞாபகம் இல்ல. அந்த ஆள் எந்தக் கடிதத்தை எதோட சேர்த்து வச்சாரு, எந்த பதிலை எழுதி அனுப்பாமலே கவர்லயே விட்டாரு, அதெல்லாம் அந்த "கன்னாபின்னா"ல இருந்துச்சு, நான் தேதி வாரியா அழிச்சுட்டேன். அதுக்கப்புறம் எந்தப் பெட்டியைத் தொறந்தாலும் முதல்ல இருக்கறபடியே போட்டோ, ஒவ்வொரு கட்டுக்கும் பென்சில்ல நம்பர், அதுக்கு அப்புறம்தான் கை வைக்கறது.

புத்தகத்துலயும் இதே பாவத்தை முன்னோர் பண்ணியிருக்காங்க. அந்தக் காலத்துல சின்னச் சின்ன நூல் ஏழெட்டை வாங்கி ஒரே அட்டைக்குள்ள போட்டு வைப்பாங்க, காசு மிச்சம். 19ஆம் நூற்றாண்டு லைப்ரரியன்கள் அதைப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அட்டை போட்டு சப்ஜெக்ட் வாரியா வேற வேற தட்டுல வச்சாங்க, அன்னைக்கு அது ஒழுங்கு. இன்னைக்கு, ஒருத்தர் எந்த ஏழு நூலைச் சேர்த்துப் படிச்சாருன்னு தெரிஞ்சுக்க வழியே இல்லாம உக்காந்திருக்கோம். நீங்க கேட்ட சப்ஜெக்ட் வாரி ஆசை ஏற்கனவே ஒரு தடவை நடந்து பார்த்ததுதான்.

சரி, மேஜைல ஒரு சுவடி வந்தா என்ன பண்ணுவோம்? நீளம் அகலம் அளந்து, ஏடுகளை எண்ணி, நம்பர் இல்லன்னா ஒவ்வொரு ஏட்டுக்கும் முன்பக்கம் வலது மேல் மூலைல மெல்லிசா பென்சில்ல நம்பர் போடுவோம். பக்கத்துக்கு இல்ல, ஏட்டுக்கு. முன்பக்கம் ரெக்டோ, பின்பக்கம் வெர்சோ. ஓலைன்னா பென்சில் பிடிக்காது, நம்பரை வேற வழில வைக்கணும், பக்கத்துக்கு எத்தனை வரி, கயிறு கோக்கற ஓட்டை ஒண்ணா ரெண்டா, மேல் கீழ் மரச்சட்டம் இருக்கா எல்லாம் எழுதணும். தைச்ச புத்தகமா இருந்தா மடிப்புகளை எண்ணுவோம், எட்டு எட்டு ஏடா வந்துட்டிருந்த மடிப்பு ஒரு இடத்துல ஏழா இருந்தா ஒரு ஏடு போயிடுச்சுன்னு அர்த்தம், பழைய திருட்டு பல தடவை இந்த எண்ணிக்கைலதான் மாட்டியிருக்கு. அப்புறம் நூல் எப்படித் தொடங்குது எப்படி முடியுதுன்னு வார்த்தைக்கு வார்த்தை எழுதுவோம், ஏன்னா பாதிச் சுவடிக்குத் தலைப்பே கிடையாது, இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் இதே தொடக்கத்தைப் பதிஞ்சு வச்சிருந்தா அப்பதான் ரெண்டும் ஒரே நூல்னு தெரியும். கடைசி ஏட்டுல எழுதினவரே தேதி போட்டிருந்தா அன்னைக்கு எங்களுக்கு தீபாவளி. கேம்பிரிட்ஜ்ல "ஆட் 1643"ன்னு ஒரு ஓலைச்சுவடி இருக்கு, நேபாளத்துல எழுதின படம் போட்ட பௌத்த நூல், அதுல இருக்கற தேதியாலதான் 1015ஆம் வருஷம்னு உறுதியா சொல்றாங்க. ஆட்னா அடிஷனல், பழைய வரிசை மூடினதுக்கு அப்புறம் வந்ததெல்லாம் வந்த வரிசைலயே இதுல ஏறும். ஒரு ஆயிரம் வருஷத்துச் சுவடிக்குப் பேரு "கூடுதல்".

இப்படி ஒண்ணு ஒண்ணா பண்ணா ஒரு சிக்கலான சுவடிக்கு வாரக்கணக்குல ஆகும், அதனால எல்லாத்துக்கும் இந்த ஆழம் கிடைக்காது. கேம்பிரிட்ஜ்ல கெய்ரோ கெனிஸா தொகுப்பு இருக்கு, 1896-97ல சாலமன் ஷெக்டர் கெய்ரோவுல ஒரு யூத ஆலயத்து அறைல இருந்து கொண்டு வந்தது, சுமார் 1,93,000 துண்டு. முதல்ல நல்லதா தெரிஞ்சதைக் கண்ணாடிக்கு நடுவுல வச்சாங்க, ஆல்பத்துல போட்டாங்க, மிச்சத்தை உதவாததுன்னு பெட்டில கட்டி ஒதுக்கினாங்க. 1950கள்ல அதைத் திரும்பத் தொறந்தா உள்ள பல்லாயிரம் துண்டு, வியாபாரக் கடிதம், கல்யாணப் பத்திரம், இந்தியக் கடல் வணிகம்னு என்னென்னமோ. அதுக்கு "நியூ சீரீஸ்"னு புது வரிசை கொடுத்தாங்க. ஆக நம்பர்ல நியூ சீரீஸ்னு இருந்தா அது ஒருகாலத்துல குப்பைன்னு நினைச்சது. அதனால நான் சொல்றது, ஆழமா பத்து சுவடிக்கு எழுதறதை விட மொத்தத்துக்கும் ரெண்டு வரி முதல்ல எழுதிடுங்க. என் கூட வேலை பார்த்தவங்க இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க.

நம்பர் அப்படியே நிக்கணும், பொருளும் அந்த நம்பர்ல நிக்கணும். தப்பான தட்டுல வச்ச சுவடி தொலைஞ்ச சுவடிக்குச் சமம். டார்வினோட ரெண்டு நோட்டுப் புத்தகம், அதுல ஒண்ணுல 1837ல அவர் போட்ட உயிர் மரப் படம் இருக்கு, கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி லைப்ரரில 2000ல போட்டோ எடுக்க வெளிய எடுத்தாங்க, 2001 ஜனவரில பார்த்தா இடத்துல இல்ல. எங்கயாவது மாத்தி வச்சிருப்பாங்கன்னே பல வருஷம் நினைச்சாங்க, டார்வின் பெட்டி 189ஐயும் அலசினாங்க, 2020லதான் திருட்டா இருக்கும்னு அறிவிச்சாங்க. 2022 மார்ச்ல யாரோ ஒரு பிங்க் கலர் கிஃப்ட் பைல வச்சு லைப்ரரி கட்டிடத்துக்குள்ளயே விட்டுட்டுப் போயிட்டாங்க, கவர்ல லைப்ரரியனுக்கு ஈஸ்டர் வாழ்த்து வேற. அதனாலதான் எந்தப் பொருள் எழுந்தாலும் அந்த இடத்துல ஒரு சீட்டு, யாருக்குப் போச்சு, எப்ப போச்சு. 16ஆம் நூற்றாண்டுல மாத்யூ பார்க்கர்ங்கற ஆர்ச்பிஷப் தன் சுவடிகளை கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி காலேஜுக்குக் கொடுத்தப்ப ஒரு கண்டிஷன் போட்டாரு, வருஷா வருஷம் வேற காலேஜ்காரங்க வந்து எண்ணணும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல காணாம போனா மொத்த சேகரிப்பும் இன்னொரு காலேஜுக்குப் போயிடும்னு. அந்த மாதிரி பயம் இருந்தா எந்த லைப்ரரியும் ஒழுங்கா இருக்கும்.

பாதுகாப்பு பத்தி ரொம்ப எழுதல, அது தனிக் கதை. ஆசிட் இல்லாத அட்டைப் பெட்டி, வெளிச்சம் கம்மி, 16-20 டிகிரி வாக்குல சீரான குளிர். எவ்ளோ ஈரப்பதம்ங்கறதை விட அது ஏறி இறங்காம இருக்கணும், தோல் ஏடு ஈரத்துக்கு ஏத்த மாதிரி நெளியும். அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டியோட பைனெக்கி லைப்ரரில 1977ல வண்டு பிடிச்சப்ப மருந்து அடிக்காம புத்தகங்களை உறைய வச்சுக் கொன்னாங்க, இப்ப பல இடத்துல அதான் வழக்கம். அப்புறம் அந்த வெள்ளைக் கையுறை, டிவில காட்டறது: போட்டோவுக்கும் உலோகத்துக்கும் சரி, காகிதத்துக்கும் தோல் ஏட்டுக்கும் கழுவித் துடைச்ச வெறும் கைதான் நல்லது, உறை போட்டா விரல்ல உணர்வு இருக்காது, ஓரம் கிழியும்.

நீங்க தேடப் போறப்ப சப்ஜெக்டை வச்சு கேட்டலாக்ல தேடுங்க, தட்டுல பக்கத்துல என்ன இருக்குன்னு தேடாதீங்க. கொடுத்தவர் பேரையும் போட்டுத் தேடுங்க, லாட் மாதிரி ஒருத்தர் என்னென்ன சேர்த்தார்னு தெரிஞ்சா 108க்கு உறவுக்காரச் சுவடிங்க எங்க இருக்குன்னு புரியும். ஆன்லைன் கேட்டலாக்ல இல்லன்னா இல்லவே இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க, பழைய அச்சுக் கேட்டலாக்ல, கார்டுல, ஒரு லைப்ரரியன் கைப்பட எழுதின ரிஜிஸ்டர்ல மட்டும் இருக்கறது இன்னும் ஏராளம், ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. குறிப்பு எடுக்கும்போது ஊர், லைப்ரரி, முழு ஷெல்ஃப்மார்க், ஏட்டு நம்பர், முன்பக்கமா பின்பக்கமான்னு அஞ்சையும் எழுதிக்கங்க. நான் ஒரு தடவை "ஏடு 52"ன்னு மட்டும் எழுதிட்டு வந்துட்டேன், எந்தப் பக்கம்னு பார்க்கறதுக்காக மறுபடி அந்த ஊருக்கு ரயில் ஏறினேன். வெர்சோ.